ஒன்றும் தெரியாவிட்டால் சரி

திருப்பூரை அடுத்த மங்கலம் பக்கத்துச் சாய ஆலைகளில் ஆத்தப்பன் மாஸ்டரின் நாக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் ஆள் ஆளுக்கு வேலை ஞாபகம் வந்து கிளம்பிவிடுவார்கள். நாக்கைப் பற்றி என்றால் மட்டும் டீயை ஆறவிட்டுப் பேசுவார்கள்.

பனியன் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சலவைச் சோடா வேண்டும். சாயத்தை நூலோடு பிடித்துக் கட்டிப்போடுவது அந்தச் சோடாதான். கட்டிப்போட்ட பிறகு அதற்கு அங்கே வேலையில்லை. ஆனால் லேசில் போகாது; சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காத விருந்தாளி மாதிரி துணிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நன்றாக அலசிவிட்டு, அசிட்டிக் ஆசிட்டை அளவாக ஊற்றி மிச்சத்தை அடக்க வேண்டும். ஆசிட் குறைந்தால் சோடா நிற்கும். போடுகிறவர் தோல் அரிக்கும். கூடினால் புளிப்பு நிற்கும். நாளாக ஆகச் சாயம் கழன்று வரும். துணி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்க்கத்தான் உலகத்தில் தாளும் மீட்டரும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆத்தப்பனுக்கு நாக்கு இருந்தது.

மிஷினின் மூடியைத் திறந்து, துணியின் ஓரத்தைக் கொக்கியால் இழுத்து, ஒரு துண்டு வெட்டி, பிழிந்து, நாக்கில் வைப்பார். சோப்பைக் கடித்த மாதிரி கசந்தால் சோடா நிற்கிறது. புளித்தால் ஆசிட் கூடிவிட்டது. ஒன்றும் தெரியாவிட்டால் சரி. இந்தக் கடைசிச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நடந்த அத்தனை கேடுகளுக்கும் அதுதான் காரணம்.

அளவு தப்பினால் மாஸ்டர் திட்டமாட்டார். ஊற்றினவனைக் கூப்பிடுவார். பிடரியைப் பிடித்துக் குனியவைத்து, அந்த ஈரத்துணியை வாயில் திணிப்பார். "தின்னு பாருடா. தின்னாத்தான் புத்தி வரும்" என்பார். பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவன் எவனாவது வாந்தியெடுத்தால் சிரிப்பார். சுற்றியிருந்தவர்களும் சிரிப்பார்கள், சிரிக்காமல் நிற்பவன்தான் அடுத்த ஆள் என்று அவர்களுக்குத் தெரியும். முதலாளி அருள்குமார் இதையெல்லாம் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அப்பா அர்த்தநாரி காலத்து மாஸ்டர், எட்டாம் வகுப்பு தாண்டாதவர், துணி வாங்குகிற கம்பெனிப் பையர்களையெல்லாம் வாயடைக்க வைத்தவர். அவனுக்கு அது போதும். மிஷின்களுக்கு நடுவே மாஸ்டருக்கென்று ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் அருள்குமார்கூட உட்கார்ந்ததில்லை.

போன வருடம் ஆத்தப்பனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது போய்விட்டது. போகும்போது நாக்கையும் எடுத்துக்கொண்டு போனது. காய்ச்சல்தான் காரணமோ, வாழ்நாளெல்லாம் நக்கிய சோடாவோ, யார் கண்டது. முதலில் அவருக்கே தெரியவில்லை. வீட்டில் சாப்பாடு சப்பென்று இருந்தது. மனைவி செல்லாத்தாள்மேல் தட்டை வீசினார்.

"உப்புன்னு ஒண்ணு ஊட்டுல இருக்குதா இல்லியா?"

"போட்டிருக்கறனுங்களே. நான் ருசி பாத்துத்தானுங்க வெச்சேன்."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

மறுநாள் அவள் உப்பைக் கூட்டினாள். தட்டு பறந்தது. அதற்கும் மறுநாள் இன்னும் கூட்டினாள். அவளால் அதை வாயில் வைக்க முடியவில்லை. உப்பங்கழித் தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்கும் தட்டு பறந்தது. செல்லாத்தாளுக்குத் தன் நாக்கின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது, பாவம். பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி குழம்பைக் கொண்டுபோய், "கொஞ்சம் பாத்துச் சொல்லு கண்ணு" என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஆலையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மாஸ்டர் துணியை நாக்கில் வைத்தார், ஒன்றும் தெரியவில்லை, சரி என்றார். அடுத்த லாட் துணி, சரி. அதற்கடுத்தது, சரி. ஒரு குவளை ஆசிட்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. "மாஸ்டர் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சு கைராசி கூடிப்போச்சு" என்று ஆலையே பேசிக்கொண்டது. மாஸ்டரும் அதை நம்பினார். தன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னால் நம்பாதவன் உண்டா?

ஒரு நாள் செல்லாத்தாள் கோயிலுக்குப் போயிருந்தபோது அவர் சமையலறைக்குள் போனார். உப்பு ஜாடியைத் திறந்து ஒரு கல்லை வாயில் போட்டார். மணலாக இருந்தது. புளியைக் கிள்ளிப் போட்டார். ரப்பராக இருந்தது. வெல்லம், பாகற்காய், ஊறுகாய் எல்லாவற்றையும் வரிசையாக வாயில் போட்டு மென்றுவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாக்கு இல்லாவிட்டால் ஆத்தப்பன் யார்? கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு கிழவன். அந்தச் சிவப்பு நாற்காலியைத் தவிர இந்த உலகத்தில் அவருக்கு மரியாதை இருந்த இடம் வேறு ஏதும் இல்லை. அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

தட்டை வீசியதற்காக மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் நாக்கு போன கதை வெளியே வந்துவிடும். ஆகவே தட்டு தொடர்ந்து பறந்தது.

அடுத்த வாரம் ஒரு லாட் திரும்பி வந்தது. கைக்குழந்தைகளுக்கான துணி. சோடா அப்படியே நிற்கிறது, குழந்தை தோல் புண்ணாகிவிடும் என்று பையரின் லேப் சொல்லிவிட்டது. அருள்குமார் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தான். ஆத்தப்பன் முந்திக்கொண்டார்.

"ஏனுங் மொதலாளி, நாக்கு சரீன்னுதான் சொல்லுச்சு. நான் அக்கட்ட போனதுக்கப்புறம் இந்த இசக்கிமுத்து திரும்பவும் சோடாத் தண்ணிய உள்ள விட்டிருக்கறான்."

இசக்கிமுத்து அந்த மிஷினை ஓட்டுகிறவன். தென்காசிப் பக்கத்திலிருந்து மனைவியோடு பிழைக்க வந்தவன். அவன் திகைத்துப்போனான்.

"அண்ணாச்சி, நீங்க சரின்னு சொன்ன பொறவுதானே துணிய எறக்குனேன். பக்கத்துல நீங்கதான நின்னிய?"

"வாயைத் தொற" என்றார் ஆத்தப்பன். திரும்பி வந்த லாட்டிலிருந்து ஒரு துண்டை நனைத்து எல்லார் முன்னாலும் அவன் வாயில் திணித்தார். "கசக்குதா? இதுதான் நீ பண்ணுன வேலை."

கசந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று மத்தியானமே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவனுடைய இடத்துக்கு, காஸ்டிக் எது, கஞ்சி எது என்று தெரியாத ஒரு புது ஆள் வந்தான்.

இசக்கிமுத்துவின் மனைவி மூக்கம்மாள் அதே ஆலையில் துணி மடிக்கிற பக்கம் இருந்தாள். மறுநாள் காலையில் சிவப்பு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவுக ஒரு தப்பும் பண்ணல அண்ணாச்சி. திரும்பச் சேத்துக்கிடச் சொல்லுங்க. ஊருக்குப் போனா எங்களுக்கு ஒண்ணுங் கெடையாது."

ஆத்தப்பன் அவளைப் பார்த்தார். கேன்டீன் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னிக்கு உப்பு ஒரு கல்லு கூட, பெருங்காயம் பழசு" என்று சொல்கிறவள் இவள்தான் என்று நினைவு வந்தது. வெட்டிவைத்திருந்த ஈரத்துணியை நீட்டினார்.

"உம்புருசன் கதையை வுடு. உனக்குப் பொழப்பு வேணுமா, வேண்டாமா? இதை நாக்குல வெய்யி. என்ன தெரியுது?"

அவள் தயங்கித் தயங்கி வைத்தாள். முகம் சுருங்கியது. "கசக்கு அண்ணாச்சி. சவக்காரம் மாதிரி."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இன்னைல இருந்து எங்கூட இரு. தொழில் கத்துத் தாறேன்" என்றார், என்னவோ பெரிய வரம் கொடுப்பவர் மாதிரி.

அப்புறம் ஆலைக்குப் பழையபடி பெயர் வந்தது. மாஸ்டர் துணியை வெட்டி எல்லார் எதிரிலும் நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார். பிறகு மிஷினுக்குப் பின்னால் போவார். அங்கே மூக்கம்மாள் நிற்பாள். "என்ன தெரியுது?" என்பார். அவள் சொன்னதை முன்னால் வந்து அவர் சொல்வார்.

முன்பெல்லாம் ஒரு லாட்டுக்கு ஒருமுறை நக்கினால் அவருக்குப் போதும். இரவல் நாக்கை வைத்துக்கொண்டு அவ்வளவு தைரியம் வருமா? சோடா ஊற்றியதும் ஒருமுறை, முதல் அலசலுக்கு ஒருமுறை, அடுத்த அலசலுக்கு, ஆசிட் விட்டதும், அது கலந்ததும், சந்தேகத்துக்கு இன்னொரு முறை என்று எல்லா மிஷினிலிருந்தும் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தார். ஆவி பறக்கப் பறக்க வைத்தார். ஆறவிட்டால் நேரம் போகிறதாம். வெற்றிலை போடக் கூடாது என்றார். மிளகாய் கூடாது, புளி கூடாது, கருவாடு வாசமே ஆகாது. அவளுடைய தூக்குப் போசியைத் திறந்து பார்த்து, மீன்குழம்பு இருந்தால் சாக்கடையில் கொட்டிவிடுவார். அவள் வெறும் தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, எதிரில் உட்கார்ந்து, ஒரு மண்ணும் தெரியாத வாயால் பிரியாணி தின்பார்.

மூக்கம்மாள் முட்டாளில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியலையோ?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் கன்னத்தை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்தார். "இந்தத் திருப்பூர்ல எந்தச் சாயப்பட்டறையிலயும் உம்புருசன் கால வெக்க முடியாதபடி நான் சொல்லி வெச்சிருக்கறேன். உனக்கும் சொல்லட்டுமா?"

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இசக்கிமுத்து லாரியில் மூட்டை ஏற்றப் போய் முதுகு பிடித்துப் படுத்திருந்தான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் வாயால்தான்.

ஆலையின் லேபில் அபிராமி என்று ஒரு பெண் இருந்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள். பி.எச். மீட்டர் அவள் பொறுப்பில்தான் இருந்தது. ஆனால் அது பூட்டின கண்ணாடி அலமாரியில் கொலுப் பொம்மை மாதிரி இருக்கும், ஆடிட்டர்கள் வரும்போது மட்டும் வெளியே வரும். மூக்கம்மாளின் உதடு வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு அவள் மாஸ்டரிடம் வந்தாள்.

"மாஸ்டர், அந்த அக்கா வாயெல்லாம் புண்ணா இருக்குதுங்க. நீங்க எதையாச்சும் ருசி பாக்கச் சொல்றீங்களா?"

"அவ வெத்தலை போடறவ. சுண்ணாம்பு சுட்டிருக்கும்." ஆத்தப்பன் சோடாத் தண்ணீரில் விரலை நனைத்து அவள் முகத்துக்கு நேராகத் தேய்த்துக் காட்டினார். "இங்கெ பாரு. வழுவழுன்னு இருந்தாச் சோடா. இதுக்கு எதுக்கு உன்ற மீட்டரு?"

"வழுவழுன்னு இருக்கறது சோடா இல்லீங்க மாஸ்டர். உங்க தோல்ல இருக்கற கொழுப்பை அது பிடிச்சு சோப்பாக்குது. அந்தச் சோப்புத்தான் வழுக்குது. நீங்கதான் கரையறீங்க. ஆசிட்டாவது பட்டதும் எரியும், கையை உதறிருவோம். இது சத்தமே இல்லாமத் தின்னும்."

"அப்ப எனக்குக் கொழுப்பு ஜாஸ்தீங்கறே."

"அது ஆலைக்கே தெரியுமுங்களே" என்றுவிட்டு அபிராமி போய்விட்டாள். அன்று பூரா மாஸ்டருக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்துக்கும் மூக்கம்மாளின் நாக்குத்தான் பதில் சொன்னது.

இப்படியே மாதங்கள் போயின. மழைக்காலம் தொடங்கியபோது மறுபடியும் புகார் வந்தது. ஒரு லாட்டில் சோடா, அடுத்ததில் புளிப்பு. மாஸ்டர் தண்ணீரைக் குறை சொன்னார், பாய்லரைக் குறை சொன்னார், அசிட்டிக்கில் கலப்படம் என்றார். மூக்கம்மாளைத் தனியாக நெருக்கிக் கேட்டார்.

"ஒழுங்காப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. ஒண்ணுந் தெரியல. சரியாத்தான் இருந்துச்சு."

அவர் நம்பினார். ஒரு வருடத்துக்கு முன் தானும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. தன் வலியைத் தவிர வேறு யாருடையதும் கண்ணில் படாத மனிதருக்கு அது எப்படி உறைக்கும்?

பெங்களூரிலிருந்து பையரின் ஆபீஸ் அம்மாள் ஒருத்தி நேரிலேயே வந்துவிட்டாள். உங்கள் ஆலையில் எதை வைத்து அளக்கிறீர்கள் என்று கேட்டாள். அருள்குமாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க மாஸ்டர் நாக்கு மீட்டருக்கு மேலங்க மேடம். வேணும்னா இப்பவே பாத்தர்லாம். மாஸ்டர் சொல்லட்டும், அப்புறம் மீட்டர் சொல்லட்டும்."

மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் மூன்று துணித்துண்டு வைப்பது என்று ஏற்பாடு. ஒன்று சரியாக அலசினது. ஒன்று ஆசிட் கூடினது. மூன்றாவதில்தான் அருள்குமார் தன் வேடிக்கையைக் காட்டினான். சோடாவிலேயே கடுமையான காஸ்டிக்கில் நனைத்து ஒரு துண்டு எடுத்துவரும்படி புது ஆளிடம் சொல்லி அனுப்பினான். உதட்டருகே கொண்டுபோனதுமே மாஸ்டர் தூக்கி எறிவார், மேடம் அசந்துபோவாள் என்பது அவன் கணக்கு. இசக்கிமுத்து இருந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு அதில் நனைத்திருப்பான். புது ஆள் நேராக டிரம்முக்குப் போய்க் கொக்கியால் முக்கி எடுத்து வந்தான்.

ஆத்தப்பனுக்குச் செய்தி வந்தது. மூக்கம்மாளை மிஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"கிண்ணத்தை நீதான் கொண்டு வர்றே. வர்ற வழியில ஒவ்வொண்ணையும் விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாத்துக்க. அந்தம்மாவுக்குப் பின்னால நில்லு. சோடான்னா முந்தானையை இழுத்து வுடு. புளிப்புன்னா மூக்குத்தியத் தொடு. சரியா இருந்தா சும்மா நில்லு. வெளங்குதா?"

அவள் நகரவில்லை. "அண்ணாச்சி, நா ஒண்ணு சொல்லணும்…"

"அப்புறம் சொல்லு. போ."

அவள் அன்று சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் இரண்டு வாய்கள் பிழைத்திருக்கும்.

மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். மாஸ்டர் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கிண்ணம் வந்தது. துணியை நாக்கில் வைத்தபடி அரைக்கண்ணால் பார்த்தார். மூக்கம்மாள் சும்மா நின்றாள்.

"சரியா இருக்குதுங்க" என்றார். அபிராமி மீட்டரை வைத்துப் பார்த்து, சரிதான் என்றாள். அருள்குமார் கைதட்டினான். அந்தம்மாள் சிரித்தாள்.

இரண்டாவது கிண்ணம். மூக்கம்மாள் சும்மா நின்றாள்.

"இதுவும் சரிதானுங்க."

அபிராமி மீட்டரைப் பார்த்துவிட்டு முதலாளியைப் பார்த்தாள். "புளிப்பு ரொம்ப அதிகமுங்க சார்." பின்னால் யாரோ இருமினார்கள். "மாஸ்டருக்குக் கொஞ்சம் டென்ஷன்" என்று அருள்குமார் சமாளித்தான். ஆனால் அவன் காது சிவந்துவிட்டது.

ஆத்தப்பன் மூக்கம்மாளை முறைத்தார். கழுதை பழிவாங்குகிறாள் என்று நினைத்தார். புருசனுக்காக இத்தனை நாள் காத்திருந்து, கூட்டத்தில் வைத்துக் கவிழ்க்கிறாள். மூன்றாவது கிண்ணம் வந்தது. அவளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் தளும்ப, சும்மா நின்றாள்.

இனி அவளை நம்பிப் பயனில்லை. இத்தனை வருடம் சோறு போட்ட நாக்கில் ஏதாவது ஒரு மூலையில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்காதா? துணியை எடுத்தார். விரலில் வழுக்கியது, அது எந்த நேரமும் வழுக்குகிற விரல்தான். நுனி நாக்கில் வைக்கவில்லை. முழுசாக வாய்க்குள் போட்டார். கன்னத்தில் ஒதுக்கிச் சப்பினார். கண்ணை மூடிக்கொண்டு தேடினார். ஒரு கசப்பு, ஒரு புளிப்பு, ஏதாவது ஒன்று. வாய் கொஞ்சம் சூடான மாதிரி இருந்தது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாவிட்டால் சரி.

துணியைக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டுவிட்டு, "சரி" என்றார்.

மீட்டரைக் கிண்ணத்தில் வைத்த அபிராமி கத்தியே விட்டாள். "பி.எச். பதினாலுங்க சார்! இது டிரம்முக் காஸ்டிக்! துப்புங்க மாஸ்டர், துப்புங்க!"

ஆத்தப்பன் துப்பவில்லை. எரிச்சல் இப்போதுதான் ஆழத்திலிருந்து மெதுவாகக் கிளம்பியது. ஆனால் அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று நெஞ்சில் இருந்தது. எழுந்து மூக்கம்மாளைக் கை நீட்டிக் காட்டினார்.

"இவதானுங்க! இவ சும்மா நின்னு என்னைய ஏமாத்திட்டா!"

அருள்குமார்தான் கேட்டான். "அவ எதுக்கு மாஸ்டரே உங்களுக்குச் சொல்லணும்?"

அப்போதுதான் தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அவருக்கு விளங்கியது. ஒரு வருடமாக எதை மறைக்க இத்தனை பேரைச் சீரழித்தாரோ அது பட்டப்பகலில், பெங்களூர்க்காரி முன்னால், எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

"ஏமாத்தல மொதலாளி" என்று மூக்கம்மாள் அழுதாள். வேலை போகப்போகிறது என்கிற ஒரே பயம்தான் அவள் முகத்தில் இருந்தது. "சாமி சத்தியமா ஏமாத்தல. எனக்கு ரெண்டு மாசமா ஒண்ணுமே தெரியல. உப்பு தெரியல, புளி தெரியல. சொன்னா அண்ணாச்சி வெரட்டிருவாகன்னு சொல்லல. ஒண்ணுந் தெரியலன்னா சரின்னு அவுகதான சொன்னாக? நம்பலன்னா இந்தா பாருங்க."

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிற வேகத்தில் கிண்ணத்திலிருந்த துணியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அபிராமி பாய்ந்து தட்டிவிடுவதற்குள் இரண்டு கடி கடித்துவிட்டாள். "பாத்தியளா," என்றாள், "ஒண்ணுந் தெரியல."

அருள்குமார் அசிட்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சோடாவுக்கு ஆசிட் ஊற்றித்தானே அந்த ஆலையில் எல்லாவற்றையும் சரிசெய்வார்கள். வாயையும் அப்படித்தான் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துவிட்டான். "கிட்ட வராதீங்க சார்!" என்று அபிராமி கத்தினாள். "ரெண்டும் சேந்தா உள்ளயே கொதிக்கும், வாய் வெந்துரும்! பச்சத் தண்ணி, பச்சத் தண்ணியத் தொறங்க!" தரை கழுவுகிற ஹோஸை இழுத்து முதலில் மூக்கம்மாளின் வாயில் பிடித்தாள். மாஸ்டரின் முறை வருவதற்குச் சற்று நேரம் ஆனது. யாரும் அவரைப் பிடித்துத் தாங்க வரவில்லை. அவர் உதட்டைத் துடைத்தார். விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கின. நீங்கதான் கரையறீங்க என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் அலற ஆரம்பித்தார், அதுவும் சரியாக வரவில்லை.

இருவரையும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அருள்குமார் ஒருமுறை வந்தான். தண்ணீர் என்று நினைத்துத் தவறுதலாகக் குடித்துவிட்டார்கள் என்று கேட்பவர்களிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனான். இசக்கிமுத்து முதுகைப் பிடித்துக்கொண்டு தினமும் வந்து, பெண்கள் வார்டு வாசலில் காத்திருந்து, மனைவிக்குக் கரண்டியால் பால் ஊட்டினான். போகிற வழியில் ஆண்கள் வார்டை எட்டிப் பார்த்தான். திட்டவில்லை. "உங்க நாக்காலியில இப்ப மீட்டரத் தூக்கி வச்சிருக்காக அண்ணாச்சி" என்று மட்டும் ஒருநாள் சொன்னான். ஆத்தப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய நாக்கில் ருசி போய் ஒரு வருடம் ஆகியிருக்கும் என்று, பழைய காய்ச்சலை விசாரித்த டாக்டர் செல்லாத்தாளிடம்தான் முதலில் சொன்னார். பறந்த தட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் கரண்டியோடு நின்றதையும் நினைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனாள்.

வாய்ப்புண் ஆறி, இருவரும் கஞ்சி குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, செல்லாத்தாள் இரண்டு தூக்குப் போசிகளோடு வந்தாள். ஒன்றைத் திறந்து கணவனுக்கு ஊற்றினாள். அவர் குடித்தார். இத்தனை நாள் பழக்கம் விடவில்லை. முகத்தைச் சுளித்து, டம்ளரைத் தள்ளி, உப்பில்லையா என்று கையால் கேட்டார்.

"போடலீங்க" என்றாள் செல்லாத்தாள். "இனிமே போடவும் மாட்டேனுங்க. உங்களுக்கு எதுக்கு?"

அவர் இன்னொரு போசியைப் பார்த்தார். அதன் மூடி ஓரத்தில் நெய் மினுங்கியது.

"அது மூக்கம்மாளுக்குங்க. உப்பு போட்டு, நெய் ஊத்தி, சீரகம் தாளிச்சிருக்கறேன்."

அவளுக்கும்தான் ஒன்றும் தெரியாதே என்று ஆத்தப்பன் தன் வாயைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார்.

"தெரியாதுதானுங்க" என்றாள் செல்லாத்தாள், போசியை எடுத்துக்கொண்டே. "இருந்தாலும் அவளுக்குப் போடோணும்."

பெண்கள் வார்டைப் பார்த்து அவள் நடந்து போனாள். ஆத்தப்பன் அந்தக் கஞ்சியைக் குடித்து முடித்தார்.